ஆயாசம்

காலை ஏழு. பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனை.
சுலோசனா ஏற வேண்டிய நகரி பஸ்
கேட்டருகே ஹாரன் அடிக்கிறது.
"ஒம்பதாம் பெட், முனிலட்சுமி.
ராத்திரி பூரா ஆயாசம்."
சொல்லும்போதே செருப்பு மாட்டியாகிவிட்டது.

ஆயாசம். அசதிதானே,
பாவம், தூங்கட்டும் என்று
திரையை இழுத்துவிட்டேன்.

சுலோசனாவின் தெலுங்கில்
ஆயாசம் என்றால் மூச்சிரைப்பு.

எட்டேகாலுக்குத் தரை துடைக்க வந்த தேசம்மாதான்
"உதடு நீலமா இருக்கே சிஸ்டர்" என்றாள்.
விரலில் மாட்டிய கருவி
எண்பத்தொன்று என்றது.

பிழைத்தாள். பதினோராம் நாள்
விசைத்தறிக்குத் திரும்பினாள்.
எங்களை யாரும் விசாரிக்கவில்லை.
சுலோசனாவும் நானும் மட்டும்
ஒரு வாரம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது மேசையருகே பேசுவதில்லை,
கட்டில் கட்டிலாகப் போகிறோம்.
நிமிடத்துக்கு எத்தனை மூச்சு?
"முப்பை ரெண்டு" என்கிறாள்.
முப்பத்திரண்டு, திருப்பிச் சொல்கிறேன்.
மருந்து?
"ஆறுக்கு ஒண்ணு."
"ஆறரைக்கு" என்கிறார்
இத்தனை நேரம் கண்மூடிக் கிடந்த
நாலாம் பெட் கிழவர்.
சுலோசனா அடித்து எழுதுகிறாள்.

வெளியே பஸ் கிளம்புகிறது.
போகட்டும்.
ஏழே முக்காலுக்கு இன்னொன்று உண்டு.