சாம்பலும் மஞ்சளும்

டார்லா அனுப்பிய அட்டவணையில்
இரண்டே நிறங்கள்.
சாம்பல் என்றால் கட்டாயம்.
மஞ்சள் என்றால் விருப்பம்.

மூன்று வருஷம் சொன்ன வார்டுக்குப் போனோம்.
கடைசி வருஷத்தில்தான் கொஞ்சம் மஞ்சள்.
வயட் உறக்க ஆய்வகத்தை எடுத்துக்கொண்டான்,
அவன் ஒழுங்காகத் தூங்கியே வருஷக்கணக்காகிறது.
இஃபெயோமா பிள்ளை பெற்றவர்களின் மனநலப் பிரிவுக்கு.
நான் மே மாதத்தின் கடைசி இரண்டு வாரத்தைக்
காலியாக விட்டேன்.
பிறகு சொல்கிறேன், டார்லா.

இப்போது நடப்பது சாம்பல்.
மின்னதிர்வுச் சிகிச்சை,
திங்கள் புதன் வெள்ளி, காலை ஆறரை.
காரை நிறுத்தும்போது
டுலூத் துறைமுகத்தில் எங்கோ
பனி உடைக்கும் கப்பல் உறுமும்.

லைல் பெக்ஸ்ட்ரம். அறுபத்தொன்று.
இரும்புத்தாதுக் கப்பலில் முப்பது வருஷம்.
நவம்பரில் சாப்பிடுவதை நிறுத்தினார்,
ஜனவரியில் பேசுவதை.
நீதிபதி கையெழுத்திட்ட தாள்
கோப்பின் மேலேயே இருக்கிறது:
கட்டாயம்.
என் அட்டவணையைப் பற்றிப் புலம்புவதை
அன்றோடு விட்டேன்.

வாயில் ரப்பர் கவ்வி.
வலது கணுக்காலில் இறுக்கிய பட்டை,
தசையைத் தளர்த்தும் மருந்து
அந்தப் பாதத்தை மட்டும் எட்டாதபடி.
பொத்தானை அழுத்தினால்
உடம்பெல்லாம் சும்மா கிடக்கும்,
பாதம் மட்டும் துடிக்கும்,
எங்கோ நடந்து போவதைப் போல.
நாற்பத்திரண்டு நொடி.

ஏழாவது முறை கண் விழித்து
"பனி உடைஞ்சிடுச்சா?" என்றார்.
உடைகிறது என்றேன்.
கால் மணி கழித்து அதையே கேட்டார்.
உடைகிறது என்றேன்.
நர்ஸ் ஜோலீன் திரும்பிக்கொண்டு
எதையோ துடைத்தாள், மேஜையை என்று நினைக்கிறேன்.

ஒன்பதாவது முறைக்கு முன்
நீதிமன்றத் தாள் காலாவதியானது.
புதுப் படிவத்தை நீட்டினேன்.
கண்ணாடி கேட்டு வாங்கி
உதடசைத்து வரிவரியாய்ப் படித்தார்.
"போகலாம்னு போட்டிருக்கே."
போகலாம்.
"வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் காபி தருவீங்களா?"
தருவோம். மோசமான காபி.
விருப்பத்தின் பேரில் என்ற கட்டத்தில்
தாள் பொத்துப்போகும்படி
ஒரு குறி போட்டார்.

மே மாதத்தை நான் நிரப்பவேயில்லை.
டார்லா நிரப்பிவிட்டாள்.
"காலியாக விட்டால் சாம்பல்தான், டாக்டர்.
ஆட்சேபம் இருந்தால் நாளைக்குள் எழுதவும்."

எழுத உட்கார்ந்தேன்.
மஞ்சளாக மாற்றுங்கள், இடம் அதுவே என்று
ஒரு வரி அடித்தேன், அழித்தேன்.
அலாரத்தை ஐந்தே முக்காலுக்கு வைத்தேன்.