இரண்டு குழிகள்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
நின்ற நாற்பதாவது நிமிடம்
இடுப்பு சொல்லிவிட்டது:
சீட்டை மாற்று, இல்லை வேலையை மாற்று.

மன்னார்குடி ஜெகபர் கடையில்
ஜெல் வைத்தது, காற்றுப்பை வைத்தது.
கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் எல்லாமே சொர்க்கம்.
“கட்டைவிரலாம்மா வண்டியில உக்காரப் போவுது?”

ஸ்டூல்மேல் அட்டையொன்றைப் போட்டு
உட்காரச் சொல்லிவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.
எழுந்தேன். இரண்டு குழிகள்.
இடப்பக்கம் சற்று ஆழம்.
முப்பத்தெட்டு வருஷமாய் என்னைத் தாங்கும் எலும்புகளோடு
அன்றுதான் அறிமுகம்.

“மெத்துன்னு இருக்கறது வலங்கைமான் வரைக்கும்.
கெட்டியா இருக்கறதுதான் கோடியக்கரை போவும்.”
கறுப்பு ரெக்சின் வேண்டாம், சித்திரையில் அடுப்பு.
முன்பக்கம் ஒடுக்கச் சொன்னேன்;
வாய்க்கால் கரையில் கால் ஊன்றவேண்டும்.
“பின்னாடி யாரு?”
விதைநெல் மாதிரிப் பை என்றேன்.
சிரிக்காமல் அதற்கும் அளவெடுத்தார்.

முதல் வாரம் பழகவில்லை.
திருத்துறைப்பூண்டியில் இறங்கி
ஜெகபரைத் திட்டினேன், அவருக்குக் கேட்காத தூரத்தில்.

இன்று மறுபடி அதே கேட்.
கார்க்காரர்கள்கூட இறங்கி நிற்கிறார்கள்.
லூப் லைனில் நிற்கும் நெல் வேகன்களை
எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
பின்னால் ஹாரன்.
கேட் எப்போதோ திறந்துவிட்டது.