திறக்காமல் பார்ப்பது

"உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா?"
படிவத்திலிருந்து தலை நிமிராமல் கேட்கிறாள் றிஸ்வியா.
வவுனியா ஆஸ்பத்திரி, குளிர் அறையின் வாசல்.
தோட்டைக் கழற்றி, கொண்டை ஊசியைக் கழற்றி
லேஞ்சியில் முடிந்துகொண்டு நிற்கிறேன்.

ஒன்பது வருசமாய் நான் நிலத்திடம் கேட்கிற கேள்வி அது.
அம்பகாமக் காட்டோரம், முழங்காலில்,
முகக்கவசத்துக்குள் வேர்வை வழிய
ஒரு சாண், இன்னொரு சாண்.
ஆணிக்கும் மண் கீச்சிடும். சோடா மூடிக்கும் கீச்சிடும்.
மிதிவெடிக்கும் அதே குரல்தான்.

"இருக்கலாம்" என்றேன்.

முதலில் எக்ஸ்றே.
இடது தோள்பட்டைக்குப் பின்னால், உழுந்தளவு.
எந்தப் பங்கருக்கு வெளியே, எந்த மாதம், தெரியாது.
அந்த நாட்களில் இரத்தம் யாருடையதென்று
பிரித்துப் பார்க்க நேரமிருக்கவில்லை.
நரம்புக்குத் தூரம், போகலாம் என்றார் டொக்டர்.
"சுட்டால், இழுத்தால், இந்தப் பந்தை அமத்துங்கோ."

குழாய்க்குள் தட்டத் தொடங்கியது.
நான் அறிந்த சத்தமில்லை. அறிந்த சத்தமும்தான்.
இருபது நிமிசமளவில் தோளில் ஒரு சூடு:
பதினைந்து வருசம் புரளாமல் படுத்த உழுந்து
காந்தத்தின் பக்கம் முகம் திருப்பியது.
பந்தை அமத்தவில்லை.
பாதி துப்பரவாக்கின காணிக்குள்
ஆரை நம்பி மாட்டை விடுவது?

படத்தில் என் மண்டை.
இரத்தம் கூட ஓடுகிற இடம் சிவப்பு, குறைந்தது நீலம்.
இடப்பக்கம், சொல் பிறக்கிற இடத்துக்குக் கிட்ட
ஒரு வெளிறல்.
"சிவப்பு அதிகமில்லை. மருந்து ஏற்றின பிறகும் மின்னவில்லை.
இரண்டாம் தரமென்று நினைக்கிறம்.
நாலென்றால் இப்படி இராது."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"படம் இவ்வளவுதான் சொல்லும்.
மிச்சம், திறந்து ஒரு துணுக்கு எடுத்தால்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை.
பிறேமகாந்தி நின்றிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.
நூறு கீச்சில் தொண்ணூற்றெட்டு தகரம்.
நூறுக்கும் ஒரே மாதிரித்தான் மண் விலக்குவம்,
கரையிலிருந்து, சரிவாய், மூச்சை எண்ணி.

"ஓரம் எங்கே முடியுது?"
பேனையால் பிலிமில் ஒரு வட்டம் கீறினார்,
வெளிறலை விட்டு அரை விரல் தள்ளி.
சரி. சிவப்புத் தலைக் குச்சியை
நாங்களும் தள்ளித்தான் நடுவது.

மூன்று மாதத்தில் திரும்பப் படம்.
அதுவரை வேலை கூடாதாம். வலிப்பு
சொல்லிக்கொண்டு வராதாம்.
ஒட்டினால் ஆறு நாள் லீவு மிச்சமிருக்கு எனக்கு.

பின்னேர பஸ். ஓமந்தை தாண்ட யன்னல் சீற் கிடைத்தது.
உறையிலிருந்து பிலிமை எடுத்து வெயிலுக்குப் பிடித்தேன்.
மண்டைக்குள்ளால் பாலை மரங்கள் ஓடின,
ஒரு ரெயில் கடவை, இரண்டு மாடு,
பச்சைச் சீருடையில் ஆரோ சைக்கிளில்.
வட்டத்துக்குள் கொஞ்ச நேரம் வானம் மட்டும்.

"அக்கா, எங்கை இறக்கம்?"
கொண்டக்டர் கை நீட்டி நிற்கிறான்.
மாங்குளம்.
வாய்க்குள் ஒருக்கால் சொல்லிப் பார்த்து,
பிறகு சத்தமாய்ச் சொன்னேன்.