மிளகளவு பித்தளை

குழலின் நுனியில் ஒரு பித்தளைக் குமிழ்,
மிளகளவு.
பகலுக்கு அது போதும்.
வாத்து, காட்டுக்கோழி, வீசியெறிந்த களிமண் தட்டு,
எல்லாவற்றின் மேலும் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்த குமிழ்.
இரவில் தோள் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது,
பட்டிக்குள் ஆடுகள் ஒரே மூலைக்கு நெருக்கியடிக்கும் சத்தம் இருக்கிறது.
குமிழைத்தான் காணோம்.

இந்த ஈற்றில் ஒன்பது குட்டிகள் போயின.
ஒன்பதாவதன் காதில் நான் மாட்டிய மஞ்சள் வில்லை
வேலிக்கு அப்பால் பனியில் கிடந்தது.
எண் 212.
கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டெல்பர்ட் ஹுஸ்கா கடைக்கு வண்டியை விட்டேன்.
தெற்கு டகோட்டாவின் இந்த மூலையில்
நாற்பத்தொரு மைலுக்கு ஒரு வளைவு கிடையாது.

முதலில் காகிதம் கேட்டான்:
கொயோட்டிக்கான உரிமம், இரவில் விளக்கடிக்க அனுமதி,
என் நிலத்தின் எல்லை வரைந்த தாள்.
உதடு அசையப் படித்து முடித்த பிறகே
கண்ணாடி மேஜையைத் திறந்தான்.

பச்சை இழைக் குறி
வெட்டுக்கிளிக் கண்போல மினுங்கியது.
உள்ளங்கையால் மூடினேன், செத்துப்போயிற்று.
"வாங்கினால்தான் கொடுக்கும்" என்றான்.
என் மைத்துனன் ராஸ்கோவும் அப்படித்தான்.

செம்புள்ளி:
கட்டைவிரல் அகலச் சாளரம், நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.
இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம்.
பத்தாம் படியில் பொட்டு பூசணியாகி
எதிரே நின்ற டெல்பர்ட்டின் பீரோவை விழுங்கியது.
முதல் படியில்
அணையப் போகும் சுருட்டின் நுனி.

மூன்றாவது, வெப்பநோக்கி.
விலைச்சீட்டை என் மனம் தானாகவே ஆடுகளாக மாற்றிக்கொண்டது:
பதினான்கு பெட்டை, ஒரு கிடாய்.
"மூன்று ராத்திரி வைத்துப் பார் வெல்டா,
பிடிக்காவிட்டால் துடைத்துத் தா."

அன்றிரவு
சூடெல்லாம் வெள்ளை, குளிரெல்லாம் கறுப்பு.
ஆடுகள் வெந்த ரொட்டிகளாகக் கிடந்தன.
ஒன்று எழுந்து போன இடத்தில்
அதன் வடிவம் மட்டும் பனியில் கொஞ்ச நேரம் படுத்திருந்தது.
புல்லடியில் எலி, ஒரு பொறி.
எதுவும் ஒளிய முடியாத வயல்.
கூச்சமாக இருந்தது எனக்கு.

இரண்டு மணிக்கு ஓடைப் பள்ளத்திலிருந்து அது ஏறி வந்தது.
நிமிர்ந்த காது, கூர்த்த மூஞ்சி, நான்கு வெள்ளைக் கால்.
நாற்பது தப்படி.
பூட்டைத் தள்ளினேன்.
விரல் இன்னும் வளையத்துக்கு வெளியே.

வாலைத் தேடினேன்.
தாழ்த்தி ஓடினால் கொயோட்டி, தூக்கி ஓடினால் நாய்.
அடர்ந்த மயிர் சூட்டைக் கசிய விடுவதில்லை,
வால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரவு.
வாலில்லாத விலங்கெல்லாம் ஒரே விலங்கு.

சிவப்பு விளக்கை அழுத்தினேன்.
கழுத்துப் பட்டையில் ஒரு வளையம் மின்னியது.
அடுத்த பண்ணை டோலஃப்ஸனின் நிக்கல்.
என்னைத் தெரிந்துகொண்டு வாலை ஆட்டியது,
இப்போது தெரிந்த அந்த வாலை.
வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தது.
சிவப்பு வெளிச்சத்தில்
எந்த நிறமும் தன் பெயரைச் சொல்வதில்லை.

பூட்டைத் திரும்ப இழுக்க
கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.

காலையில் வெப்பநோக்கியைத் துடைத்துக் கொடுத்தேன்.
"ஒன்றும் தெரியவில்லையா?"
"ரொம்பத் தெரிந்தது."
செம்புள்ளியும் ஒரு சிவப்பு விளக்கும் வாங்கினேன்.
"குமிழைக் கழற்றிவிடட்டுமா?"
இருக்கட்டும் என்றேன், எதற்கென்று தெரியாமல்.

வீட்டுக்கு வந்து டோலஃப்ஸனைக் கூப்பிட்டேன்:
"ஆர்விட், ராத்திரியில் நிக்கலைக் கட்டிப் போடு."
"எதற்கு? அவன் விடியும்வரை
அடுப்போரம்தானே கிடக்கிறான்" என்றார்.

பதிலுக்கு என்னிடம் வார்த்தை இல்லை.
சட்டைப்பையில் வில்லையைத் தொட்டுப் பார்த்தேன்.
இருட்டியதும் பொட்டை முதல் படிக்குக் குறைத்து வைத்தேன்,
எதிரே நிற்பது
அதைவிடப் பெரிதாகத் தெரியும்படி.