ஏழில் முடியும் எடைகள்

நூற்று நாற்பத்திரண்டு குழந்தைகள்.
மாதம் நிறையுமுன் வந்துவிட்டவர்கள்.
எடை கிராமில்:
தொள்ளாயிரத்துப் பதினேழு,
ஆயிரத்து நாற்பத்தேழு,
எண்ணூற்று எழுபத்தேழு.

வல்மியேரா என்ற ஊரிலிருந்து
டைனிஸ், இரவுச் செவிலியர், எழுதியிருக்கிறார்.
சுற்றி வளைக்கவில்லை:
"பதினொரு வருடமாகக் குழந்தைகளை நிறுக்கிறேன், அம்மணி.
தராசுக்குப் பிடித்த எண் என்று ஒன்று கிடையாது.
உங்கள் இதழின் அட்டவணையில்
முப்பத்தொன்பது பேர் ஏழில் முடிகிறார்கள்.
பூச்சியத்தில் ஒருவர்கூட இல்லை.
வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொன்னால்
மனிதன்தான் ஏழு என்பான்.
அந்த அட்டவணையைப் பார்த்துத்தான்
எங்கள் வார்டில் மருந்து அளக்கிறோம்."

துர்க்குவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடந்தது.
காப்பி போட்டேன், குடிக்கவில்லை.
பென்சிலை எடுத்து நானும் எண்ணினேன்.
நாற்பது.
அவர் ஒன்றை விட்டிருந்தார்.

கட்டுரை ரைமோ ஹுக்கனனுடையது.
அவருடைய தீவுக் குடிலில்
ஐந்து கோடைகள் புகையிட்ட மீன் தின்றிருக்கிறேன்.
அம்மாவின் சவப்பெட்டிக்கு
ஒரு கைப்பிடி அவர் பிடித்தார்.

ஆறு வருடத்துப் பழைய கோப்பு.
"பதிப்பாசிரியருக்கும் ஆசிரியருக்கும் நெருக்கம் உண்டா?"
இல்லை என்ற கட்டத்தில் என் குறி.
மதிப்பிட்டவர்கள் இருவர்,
இருவரையும் ரைமோவே பரிந்துரைத்திருந்தார்.
ஒருவர் நான்கு வரி எழுதினார், அதில் ஒன்று வாழ்த்து.
மற்றவர், பாவம், மூலத்தரவு கேட்டிருந்தார்.
ஓரத்தில் "அவசியமில்லை, ஹி. ரௌ."
நான்தான்.
வெள்ளிக்கிழமை, மணி நான்கு.
ஸ்டாக்ஹோம் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதே வாரம் கிசுமுவிலிருந்து
டாக்டர் நெக்கேசாவின் கட்டுரை.
மூலத்தரவு எங்கே என்று திருப்பினேன்.
எழுபது பக்கம் அனுப்பினார்.
கெடு முடிந்தது என்று எழுதினேன்.
இந்தக் கடிதமும் அதே கோப்பில்தான் இருக்கிறது,
நான் தேடாமலே கைக்கு வந்தது.

ரைமோ தொலைபேசியில் சிரித்தார். "ஒரு செவிலியரா?"
மடிக்கணினி தண்ணீரில் விழுந்தது என்றார்.
பிறகு வீடு மாறியபோது தொலைந்தது என்றார்.
பிறகு, "ஹில்க்கா, உன் அம்மா..." என்றார்.
நான் வைத்துவிட்டேன்.

யூட்ரெக்டிலிருந்து வெளியீட்டகத்துக்காரர், மெதுவான குரல்:
"திருத்தம் என்று போட்டால் போதாதா?
இருநூற்றுப் பதினோரு பேர்
மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்."
தெரியும். அந்த எண்ணிக்கையில் ஏறியதுதான் இதழ்,
இதழ் ஏறியதில் கிடைத்ததுதான்
ஆறு தெரியும் இந்த அறை.
முழுப் பூசணிக்காய்.
சோறோ ஒரு பிடி.

அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன்.
"ஐயம் எழுந்துள்ளது."
தானாக எழ ஐயம் என்ன சூரியனா?
எழுப்பியவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.
போடுங்கள், எழுத்துப்பிழை வேண்டாம் என்றார்.
"தவறு நேர்ந்துவிட்டது."
எங்கள் ஃபின்னிய மொழியில்
செயப்பாட்டுவினைக்கு ஆளே கிடையாது,
வசதியான இலக்கணம்.
அடித்துவிட்டு எழுதினேன்:
எண்கள் அளக்கப்பட்டவை என்பதற்குச் சான்றில்லை.
சான்று கேட்கப்பட்டபோது
வேண்டாமென்றவள் நான்.
ஆசிரியர் என் நண்பர், அதை மறைத்தேன்.
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்.
கிசுமுவுக்குத் தனிக் கடிதம்.
அதற்கு இன்னும் முதல் வரி கிடைக்கவில்லை.

அறிவிப்பு அச்சேற மூன்று வாரம் ஆகுமாம்.
மூன்று வாரத்தில் எத்தனை ஊசி?
இரவு இரண்டு மணிக்கு வார்டைக் கூப்பிட்டேன்.
டைனிஸ் எடுத்தார்.
"சரி, இனி எவ்வளவு கொடுப்பது?"
"தெரியவில்லை" என்றேன்.
"அந்த அட்டவணைப்படி வேண்டாம்.
மருத்துவரை எழுப்புங்கள்."
"எழுப்புகிறேன். இருங்கள்,
ஒரு குழந்தை தராசில் இருக்கிறது."

கம்பியில் அதன் மூச்சு, ஒரு சின்ன மணியோசை.
"ஆயிரத்து நூற்று முப்பத்தேழு" என்றார்.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எடுத்துவிட்டு
மறுபடி வைக்கிறேன்" என்றார்.