முப்பத்திநாலு இஞ்ச்

கைப்பையில் ஒரு முழத் துணியோடு போயிருந்தேன்.
மயில்கழுத்து நிறம் கேட்டவர்களுக்குப்
பாசி பிடித்த தொட்டி நிறத்தில் அச்சாகிவிட்டதென்று
எட்டாயிரம் உருப்படியைக்
கப்பலேறும் முன்பே நிறுத்திவிட்டார்கள்.
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போனது போக
மிச்சம் இந்த முழம்.

என் திரையில் அது மயில்கழுத்துதான் என்று
சம்பூர்ணத்திடம் சத்தியம் பண்ணினேன்.
பொய்யில்லை.
ஒன்பது வருடத் திரை.
அது பார்த்ததை அது சொன்னது.

காந்திபுரத்துக் கடையில் குளிரடித்தது.
கிளிகள், எரிமலை, அறுத்த ஆரஞ்சு,
பதினொரு திரைகளில் ஒரே தண்ணீர்த்துளி
ஒரே நேரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
லோகேஸ்வரன் என்று சட்டையில் குத்தியிருந்த பையன் கேட்டான்:
‘கேம் ஆடறதுக்குங்களாக்கா, படம் பாக்கவா?’
‘துணி பாக்க.’
சிரிக்கவில்லை. நல்ல பையன்.

பென் டிரைவைச் செருகினான். கிளிகள் போயின.
எல்லாவற்றிலும் என் கொடியும் பூவும்,
பதினொரு மயில்கழுத்து.
ஒன்றில் பச்சை தூக்கல்.
ஒன்றில் பழைய செம்புக் களிம்பு.
ஒன்று அச்சு அசலாகச் சாயப்பட்டறை ஓடை.
ஜாதகத்தோடு வீடு வீடாக ஏறும் தரகனைப் போல
துணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நின்றேன்.

கடை வெளிச்சம் துணியை ஏமாற்றியது.
‘ட்யூப்லைட்டை அணைக்க முடியுமா?’
‘ஓனர் வைவாருங்க்கா.’
அதனால் வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்து
நிறத்தைக் கண்ணில் ஏந்தி
கொட்டாமல் திரும்பி வந்தேன்.
மூன்று நடை.
நாலாவது நடையில் அவனும் வெளியே வந்தான்.
‘நீலமும் இல்லீங், பச்சையும் இல்லீங்.’
‘அதாந்தம்பி நிறம்.’

பிறகு எண்கள் சொன்னான்.
அகலத்தில் மூவாயிரத்து நானூத்தி நாப்பது புள்ளி,
உயரத்தில் ஆயிரத்து நானூத்தி நாப்பது.
இஞ்சுக்கு இருபத்திநாலு ஊசி எண்ணிப் பழகியவளுக்கு
இதுவும் நெசவுக் கணக்காகத்தான் கேட்டது.
வெறும் கறுப்பு போடச் சொன்னேன்.
இடது மூலையில் ஒரு புள்ளி மட்டும்
சிவப்பாக முழித்துக்கொண்டிருந்தது.
‘ஒண்ணே ஒண்ணுதானுங்க்கா.’
‘எங்க செக்கிங் டேபிள்ல ஒண்ணுன்னாலே ரிஜெக்ட்டு.’
உள்ளே போய் வேறு பெட்டி எடுத்து வந்தான்.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது முப்பத்தெட்டு.
விலை நாற்பது.
‘மவுஸ் ஒண்ணு சேத்தித் தர்றேனுங்’ என்றார் ஓனர்.
‘மவுஸ் கெடக்கட்டும், ரெண்டாயிரத்தக் கொறைங்க.’
அவர் கால்குலேட்டரைத் தட்டினார்,
ஏதோ அதுவாக முடிவெடுப்பதைப் போல.
முப்பத்தொன்பதில் நின்றது.
அந்த ஓராயிரம்
பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்தது.

பல்லடம் வண்டியில் பெட்டிக்கும் டிக்கெட்.
‘இத்தாப் பெரிய டிவிங்களா?’
‘டிவி இல்லீங்’ என்றேன்.
வேறென்ன என்று சொல்லத் தெரியவில்லை.
சூலூர் வரை
யாரோ ஒருவர் காலை மடக்கியே உட்கார்ந்து வந்தார்.

ராத்திரி மாட்டினேன்.
முழத்தை ஓரத்தில் வைத்தேன்.
பாசிதான். தொட்டிதான்.
இந்தத் திரையும் பொய் சொல்லும் ஒருநாள்,
இன்றைக்குத் துணி சொல்வதையே சொன்னது.

தூக்கம் வராமல் பழைய கோப்புகளைத் திறந்தேன்.
மூன்று வருடத்துக்கு முந்திய யானைக்குட்டிகள்,
குழந்தைகளின் இரவுச் சட்டைக்கு.
பாதி பாதியாக நகர்த்தி வரைந்தது,
முழுசாக இப்போதுதான் பார்க்கிறேன்.
அச்சு முடிந்து அச்சு தொடங்கும் இடத்தில்
ஒரு குட்டிக்கு வால் இல்லை.

சட்டைக்கு ஆறு என்று வைத்தாலும்
இருபத்திரண்டாயிரம் சட்டை.
எவரும் திருப்பி அனுப்பவில்லை.
சாயம் போகும் முன்பே
அந்தப் பிள்ளைகள் வளர்ந்திருக்கும்.
ஒன்றாவது கேட்டிருக்கும்,
படுக்கையில் விரல் வைத்து,
எனக்குத் தெரியாத பாஷையில்:
இதுக்கு மட்டும் எங்கே?