நூறில் பன்னிரண்டு

கட்டுநாயக்காவில் பதினொரு நாள்
வெள்ளைத் தூள் என்று மறித்து வைத்திருந்தார்கள்.
பீடாதிபதியின் கடிதம் போனது.
பிறகு முத்திரை குத்திய இன்னொரு கடிதம்.
பிறகு நான்.
மணல்தான் ஐயா, என்றேன்.
தெரிந்த சிங்களத்தில், வெலி, என்றேன்.
மணலை ஏன் விமானத்தில் எடுப்பிக்கிறீர்கள்
என்று அவர் கேட்டதற்கு
இன்னும் எனக்கு மறுமொழி வரவில்லை.

ஒரு தேக்கரண்டி குவார்ட்ஸ்.
என் மூன்று மாதச் சம்பளம்.
கூடவே ஒரு தாள்:
அணுக்கூட்டின் பக்க நீளம், தசத்துக்குப் பின் ஆறு தானம்,
அதற்குப் பக்கத்தில் கூட்டல்கழித்தல் குறி.
தாங்கள் எவ்வளவு பிழைக்கக்கூடும் என்பதையும்
தாங்களே எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார்கள்.
அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.
இதுவரை என் கைக்கு வந்த எந்தப் பத்திரத்திலும்
அப்படி ஒரு வரி இருந்ததில்லை.

சித்திரை வெயில். திருநெல்வேலி. இரண்டாம் மாடி.
விசிறியை நிறுத்தினேன்.
"மூச்சை அங்கால விடு" என்றேன் றெமீசியஸிடம்.
கண்ணாடி வில்லையால் அழுத்தி மட்டப்படுத்தி
கதவைச் சாத்தினோம்.

இருபத்தாறு தசம் ஆறு நாலில்
எழும்ப வேண்டிய முடி
இருபத்தாறு தசம் ஏழு ஆறில் எழும்பியது.

இன்னொருக்கா.
ஏழு ஆறு.
வழித்து, திரும்ப நிரப்பி, இன்னொருக்கா.
ஏழு ஆறு.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சுன்னாகம், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன்,
நாற்பத்தொரு வீட்டுக் கேத்தில்களின் அடியில்
சுரண்டியெடுத்த சுண்ணப்படை அவனுடையது.
எல்லாமே புத்தகத்து எண்ணிலிருந்து
ஒரே பக்கமாக விலகி நின்றன.
மக்னீசியம் புகுந்திருக்கிறது என்று
முப்பத்திரண்டு பக்கம் எழுதியிருந்தான்.
கிணறுகளுக்கு நிறம் தீட்டிய வரைபடம் வேறு.

புகுந்தது மக்னீசியம் இல்லை.
மாசியில் கறண்ட் நின்று நின்று வந்த ஓரிரவு
கோணமானி அசைந்திருக்கிறது,
நூறில் பன்னிரண்டு பாகை.
அதற்குப் பிறகு அது சொன்னதெல்லாம்
ஒழுங்கான பொய்.
ஒருநாளும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எல்லாத்திலயும் பன்னிரண்டைக் கழி."
"கழிச்சா ஒண்டும் மிஞ்சாது அக்கா."
சாதாரணச் சுண்ணாம்பு மிஞ்சும்.
நான் அதைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன்
வாசலில் கழற்றிவிட்ட செருப்பை எடுத்துவந்து
தாளொன்றில் தட்டினான்.
மணற்காட்டு மணல். காலையில் வீட்டிலிருந்து வந்தது.
உரலில் இட்டு அரைத்தான்,
தேவைக்கு மேலாகவே அரைத்தான்.
நான் தடுக்கவில்லை.

ஏழு ஆறு.

அவன்தான் முதலில் சிரித்தான்.
சுங்கத்தில் மறிபடாத,
ஒருவரும் கையொப்பமிடாத மணல்
அதே இடத்தில்
அதே பொய்யைத் தாங்கி நின்றது.

பேரேட்டில் எழுதினேன்:
செலவான தூள், தசம் எட்டு கிராம்.
கூட்டல்கழித்தல் போட்டு
வில்லையில் ஒட்டியதையும், என் உள்ளங்கை ரேகையில் தங்கியதையும்
உத்தேசமாகக் குறித்தேன்.
கீழே முழுப்பெயர்.

பிறகுதான் விசிறியைப் போட்டோம்.